கைவைத்தவன் ஏற வேண்டும்

கப்பல் கொட்டகையில் தொழில் பழக வந்த பையன்கள் யாரும் அங்கே நிலைத்ததில்லை. அவர்களுக்கு ஹியூபர்ட் என்ன குறை வைத்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. திட்டமாட்டான், கை ஓங்கமாட்டான். பத்து மணிக்கு அவன் மனைவி கான்ஸ்டன்ஸ் சூடாகக் கோப்பி அனுப்புவாள். அப்படியும் ஒவ்வொருவனாகக் கழன்றுகொண்டார்கள். சோமுவின் அம்மா கெட்ட கனவு கண்டாள், சோமு போய்விட்டான். கார்த்திகேசுவுக்கு ரயில்வேயில் நாற்காலி வேலை கிடைத்தது; அவனும் போனான். காப்ரியல் லோரி ஓட்டப் போனான். ஏண்டா என்று கேட்டதற்கு, "லோரில ஹாரன் இருக்கு அண்ணே, இதுல இல்ல லா" என்றான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஹியூபர்ட் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம். காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். சாலையில் போகிற வண்டி ஊர் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் தோட்டங்களுக்குச் சம்பளப் பைகளும் தபாலும் மருந்தும் ஆகாயத்தில் பறந்து வந்தன. அந்த வேலையைச் செய்த வெள்ளைக்காரக் கம்பெனிக்கு இரண்டு சிறு விமானங்கள் இருந்தன. அசாம் ஜாவா என்கிற ஊரைத் தாண்டி, ஆத்தோரத் தோட்டத்தின் விளிம்பில் லாலாங் புல்லை வெட்டி ஒரு திடல் போட்டு, பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்றை எழுப்பியிருந்தார்கள். தோட்டத்து ஜனங்களுக்கு அது கப்பல் கொட்டகை. ஆகாயத்தில் போனால் மட்டும் கப்பல் கப்பல் இல்லையா என்பது அவர்கள் வாதம்.

சிங்கப்பூரில் தொழில் படித்துவந்த ஹியூபர்ட் அந்தப் பட்டறைக்குத் தலைவன். முப்பது வயதுதான். கோலசிலாங்கூர்க் கோயிலில் ஞாயிறு பூசை தவறாதவன். கொட்டகைச் சுவரில் சூசையப்பர் படம் மாட்டியிருந்தான். தச்சுவேலை செய்தவருக்குத் திருகாணி வேலையின் வருத்தமும் புரியும் என்று நம்பினான். அண்மையில் கம்பெனி ஒரு சேதி அனுப்பியிருந்தது. வருகிற தொழில் தேர்வுக்கு ஒரு பையனாவது உட்காராவிட்டால், தோட்டத்துப் பிள்ளைகளைப் பழக்குகிற திட்டத்தை மூடிவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவார்களாம்.

மிச்சம் இருந்தவன் ஒருவன்தான், செல்லன். அப்பா அம்மா இல்லாதவன். எஞ்சின் ஓடும்போது கச்சேரி கேட்பவன் மாதிரி தலையை ஆட்டிக் கேட்பான். தாளம் தப்பினால் முகம் சுளிப்பான். வேலை முடிந்ததும் விமானத்தைக் கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல் தட்டிக்கொடுப்பான். இவன் நிற்பான் என்று ஹியூபர்ட் சூசையப்பரிடம் அடித்துச் சொல்லியிருந்தான்.

அந்தச் செல்லன் ஒருநாள் ஸ்பானரைத் துடைத்தபடியே, "அண்ணே, நான் இந்தச் சனிக்கிழமையோட நின்னுக்கிறேன்" என்றான்.

ஹியூபர்ட்டுக்குக் கோப்பி புரையேறியது.

"கனவா, நாற்காலியா, ஹாரனா?"

"அத்தை."

செல்லனின் அத்தை நல்லம்மாளை ஆத்தோரத் தோட்டத்தில் அறியாதவர் இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கை, அதைவிட வேகமாக வெட்டுகிற வாய். அவள் மகள் புஷ்பவள்ளி செல்லனுக்கு முறைப்பெண். முறை மட்டுமல்ல, மனமும்தான். கல்யாணப் பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொட்டகையின் சட்டம் அத்தையின் காதில் விழுந்ததும் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

சட்டம் ஹியூபர்ட் கொண்டுவந்தது. கைவைத்தவன் ஏற வேண்டும். விமானத்தில் எதைப் பழுது பார்த்தாலும், அடுத்த சோதனை ஓட்டத்தில் பார்த்தவன் ஓட்டுபவரோடு கூட ஏறிப் பறக்க வேண்டும். திருகாணியை முறுக்குகிறபோது அதில் தன் உயிரும் தொங்குகிறது என்று தெரிந்தவன் அரைகுறையாக முறுக்கமாட்டான். இதைவிட நல்ல வாத்தியார் உலகத்தில் இல்லை என்பது ஹியூபர்ட்டின் எண்ணம்.

"கொட்டகைய விட்டுட்டு வந்தாதான் பொண்ணாம் அண்ணே" என்றான் செல்லன். "நான் என்ன செய்யட்டும்? எஞ்சின கட்டிக்க முடியுமா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஹியூபர்ட்டும் கான்ஸ்டன்ஸும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனார்கள். லயத்தைச் சுற்றி முள்வேலி. ஒரே ஒரு வாசல். வாசலில் காவலுக்கு மாத்தா என்கிற போலீஸ்காரன். உள்ளே எது வேண்டுமானாலும் போகலாம். தின்கிற சாமான் ஒரு பிடியும் வெளியே போகக்கூடாது, காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம்.

நல்லம்மாள் அவர்களைப் பலகையில் உட்காரவைத்தாள். அவள் கணவன் நாகமணி மூலையில் உட்கார்ந்திருந்தார். வருஷத்துக்கு ஒரு வார்த்தைதான் அவர் கணக்கு என்று லயத்தில் சொல்வார்கள்.

"வாங்க தம்பி, வாம்மா. பையனக் கேட்டு வந்தீங்களா, பொண்ணக் கேட்டு வந்தீங்களா?"

"ரெண்டையும்தான் அக்கா" என்றான் ஹியூபர்ட். "செல்லனுக்கு வேற யாரு இருக்கா? மாப்பிள்ள வீடுன்னா நாங்கதான்."

"அப்ப மாப்பிள்ள வீட்டுக்காரரே, ஒண்ணு கேக்குறேன். சட்டிக்கு ஈயம் பூசுறவன, ஒழுகுதான்னு பாக்க சட்டிக்குள்ள உக்கார வச்சு அடுப்புல ஏத்துவாங்களா?"

கான்ஸ்டன்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது; புஷ்பவள்ளியாகத்தான் இருக்க வேண்டும்.

"அந்தச் சட்டம் இருக்கப்போயிதான் அக்கா கப்பல் இன்னிவரைக்கும் விழல."

நல்லம்மாளின் முகம் மாறியது. குரலும் இறங்கியது. "எங்க அண்ணனையும் இப்படித்தான் தம்பி சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போனாங்க, சப்பான்காரன் காலத்துல. சயாமுல ரயில் ரோடு போடணும், சீக்கிரம் வந்துடலாம், ஒண்ணும் ஆவாதுன்னாங்க. சொன்னவன் ஒருத்தனும் கூடப் போவல. போன எங்க அண்ணன் வரல. இவன் அவரு புள்ள."

அதற்கு வாதம் செய்வது பாவம் என்று ஹியூபர்ட்டுக்குத் தெரிந்தது. "கூடவே போறவன் சொன்னா நம்புவீங்களா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நானே போய்ப் பாத்தா நம்புவேன்."

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் ஹியூபர்ட் அதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

"சரி. வாங்க."

"எங்க?"

"மேல."

உள்ளேயிருந்து புஷ்பவள்ளி, "அம்மா, உனக்கு ஊஞ்சல்ல உக்காந்தாலே தலை சுத்தும்" என்றாள்.

"உன்ன யாருடி கேட்டா? உள்ள போ." நல்லம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "வர்றேன் தம்பி. என்னிக்குன்னு சொல்லுங்க."

"சரிதான்" என்றார் நாகமணி. அந்த வருஷத்து வார்த்தை தீர்ந்தது.

வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் ஹியூபர்ட்டுக்கு வியர்த்தது. விமானம் அவனுடையதா? ஓட்டுகிறவர் பின்ச் துரை. ஆனால் பின்ச் துரை சென்ற மாதம் காய்ச்சலில் கிடந்தபோது, நாக்குக்கு ஒன்றும் பிடிக்காமல் இருந்த மனிதருக்குக் கான்ஸ்டன்ஸ் நாள் தவறாமல் மிளகு ரசம் அனுப்பியிருந்தாள். எதையும் எதிர்பார்த்து அனுப்பிய ரசம் இல்லை. இரக்கத்தோடு செய்த காரியம் ஒன்றும் வீண்போவதில்லை, ரசம்கூடத்தான்.

துரை விஷயத்தைக் கேட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "சோதனை ஓட்டத்தில் எடைக்கு மணல்மூட்டை ஏற்றுகிறோம் அல்லவா? இந்தத் தடவை மூட்டைக்குப் பதில் அந்த அம்மா" என்றார். செல்லன் சக்கரத்துப் பிரேக்கைப் புதுசாகப் பூட்டியிருந்த விமானம் சோதனைக்குக் காத்திருந்தது. அதில் மணல்மூட்டையாக நல்லம்மாள் பறப்பது என்று முடிவாயிற்று.

சோதனை நாளன்று பால் எடை போட்டு முடிந்ததும் லயமே திரண்டு கிளம்பியது. நல்லம்மாள் கூறைச்சேலை கட்டி, கையில் பூசைத் தட்டோடு முன்னால் நடந்தாள். வாசலில் இளவயது மலாய் மாத்தா தட்டைப் பார்த்தான். சந்தனம் சரி, குங்குமம் சரி, சூடம் சரி, வெற்றிலை பாக்கும் சரி. தேங்காயைப் பார்த்ததும் தலையை ஆட்டினான்.

"தா போலே, மாக்சிக். முடியாது அம்மா. தின்கிற சாமான் வெளியே போகக்கூடாது."

"இது சாமிக்கு லா, தம்பி."

"சாமி தின்பாரா?"

"தின்ன மாட்டாரு."

"அப்புறம் யார் தின்பார்கள்?"

நல்லம்மாள் ஜாக்கிரதையாக யோசித்தாள். உண்மையைச் சொன்னால் தேங்காய் நிற்கும்; பொய் சொன்னால் பூசை நிற்கும். "நாங்கதான்" என்றாள். மாத்தாவுக்கும் மனசு சங்கடம்தான். கடைசியில் அவனே வழி சொன்னான். தேங்காயை வாசலிலேயே உடைப்பது, மூடிகளை லயத்துப் பிள்ளைகள் உள்ளே நின்று தின்றுவிடுவது. அப்படியே ஆயிற்று. அவனுக்கும் ஒரு பத்தை கிடைத்தது.

ஆனால் கப்பலுக்கு உடைக்க வேண்டிய தேங்காயை வாசலில் உடைத்துவிட்டோமே என்ற குறை நல்லம்மாளின் மனத்தில் தங்கிவிட்டது. அந்தக் குறையை அவள் சந்தனத்தில் ஈடுகட்டினாள். விசிறிக்கு ஒரு பொட்டு, எஞ்சின் மூடிக்கு ஒரு பொட்டு, இரண்டு சக்கரங்களுக்கும் வாலுக்கும் ஒவ்வொன்று. பிறகு சுற்றிவந்து, முகம் என்று சொல்லத்தக்க இடமெல்லாம் பார்த்துப் பார்த்துப் பூசினாள். பின்ச் துரை குனிந்து தன் நெற்றியையும் காட்டினார். அவருக்கும் தாராளமாகவே கிடைத்தது.

ஒரு தடவை சோதித்து முடித்த விமானத்தை யாரும் தொடக்கூடாது என்பதும் கொட்டகையின் சட்டம்தான். ஹியூபர்ட் அவளைத் தடுக்க வாயெடுத்தான். விமானத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்த அம்மாளைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. சந்தனம்தானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தான்.

துரைக்குப் பக்கத்தில் நல்லம்மாளும் பின்னால் செல்லனும் ஏறினார்கள். எஞ்சின் உறுமியது. பெண்கள் குலவையிட்டார்கள். விமானம் புல்லில் குதித்துக் குதித்து ஓடி, வாலைத் தூக்கி, இதோ கிளம்புகிறது என்று எல்லாரும் வாயைத் திறந்தபோது வேகம் குறைந்து, திடலின் கோடியில் போய் நின்றுவிட்டது.

ஹியூபர்ட் ஓடினான். அவனுக்குப் பின்னால் லயமும் ஓடியது.

துரை கண்ணாடிக்குள்ளிருந்து வேகம் காட்டுகிற முள்ளைச் சுட்டினார். அது அசையவே இல்லையாம். எவ்வளவு வேகத்தில் ஓடுகிறோம் என்று தெரியாமல் மேலே போக முடியாது. செல்லன் அதற்குள் கீழே குதித்திருந்தான். முள் பழுதா, அதற்குக் காற்றைக் கொண்டுபோகிற குழாய் பழுதா என்று அவன் யோசித்தது முகத்தில் தெரிந்தது. நேரே இடது இறக்கைக்குப் போனான். இறக்கையிலிருந்து முன்பக்கமாக விரல் மாதிரி ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும்; எதிர்க்காற்று அதன் வாய்க்குள் புகுந்துதான் முள்ளைத் தள்ள வேண்டும்.

குழாயின் வாய் மஞ்சளாக இருந்தது. மொத்தையாக, மணக்க மணக்க, ஒரு கட்டிச் சந்தனம்.

செல்லன் பார்த்தான். ஹியூபர்ட் பார்த்தான். இறங்கிவந்த நல்லம்மாளும் பார்த்தாள்.

"என்னடா அது?" என்றாள்.

"குழா அடைச்சிருக்கு அத்தே." செல்லன் ஹியூபர்ட் பக்கம் திரும்பினான். "என் தப்புதான் அண்ணே. ஏறுறதுக்கு முன்னால இன்னொருக்கா பாத்திருக்கணும். பாக்கல."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பூசியது யார் என்பதை மட்டும் அவன் வாய் சொல்லவில்லை.

"உன் தப்பு என்னடா? சோதிச்ச பிறகு யாரும் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டவன் நான். நின்னு வேடிக்க பாத்தவனும் நான்தான். என் தப்பு."

"ஆளாளுக்கு என்னா பேசுறீங்க?" நல்லம்மாள் இருவருக்கும் நடுவே புகுந்தாள். "பூசுனது நான். மூக்கு மாதிரி இருந்திச்சி, மூக்குல வச்சேன். என் தப்புல பங்கு கேக்க நீங்க யாரு?"

"இல்ல அத்தே, கடைசியாப் பாக்க வேண்டியது நான்."

"சும்மா இரு லா. வயசுல பெரியவ நான் சொல்றேன்."

"அக்கா, பட்டறைக்குப் பொறுப்பு நான்."

குரல்கள் உயர்ந்தன. பின்ச் துரை சந்தனப் பொட்டோடு இறங்கிவந்து, என்ன சண்டை, யார் செய்த தவறு என்று இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையா என்று ஹியூபர்ட்டிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை துரை. எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். அதுதான் சண்டை."

துரை, தான் அந்தச் சண்டையில் சேர முடியாது என்று வருத்தப்பட்டவர்போல் ஒரு சிகரெட் பற்றவைத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

செல்லன் குழாயைக் கழற்றினான். சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, மிதிபம்பால் உள்பக்கத்திலிருந்து ஊதினான். புஸ்ஸென்று ஒரு மணம் கிளம்பித் திடலெல்லாம் பரவியது. துடைத்தான், பார்த்தான், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து மறுபடி பார்த்தான். பூட்டியதும் ஹியூபர்ட் சோதித்தான். நல்லம்மாள் அதையெல்லாம் இமைக்காமல் கவனித்தாள். சூசையப்பரே, இவள் இப்போது பையனைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனாலும் நான் குறை சொல்லமாட்டேன் என்று ஹியூபர்ட் மனத்துக்குள் சொல்லிக்கொண்டான்.

நல்லம்மாள் ஹியூபர்ட்டின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சயாமுக்கு ஆள் புடிச்சவனுங்க எத்தன பேரு தம்பி. எங்க அண்ணன் செத்ததுக்கு, என் தப்புன்னு ஒருத்தன் சொல்லல. கங்காணிய கேட்டா ஆபீசு கிராணிய காட்டுனான். கிராணிய கேட்டா சப்பான்காரன காட்டுனான்." அவள் சேலையை இறுக்கிச் செருகினாள். "ம். எங்க துரை? சிகரெட்டு போதும்னு சொல்லுங்க. மணல்மூட்ட ரெடின்னு சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பையனை விடுகிறாளா, இழுத்துப் போகிறாளா என்பதற்கு அதில் பதில் இல்லை.

இந்தத் தடவை விமானம் நிற்கவில்லை. புல்லை உதறி, ஒரு குலுங்கு குலுங்கி, தரையை விட்டது. அதற்கும் தரைக்கும் நடுவில் முதலில் ஒரு முழம் வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒரு தென்னை உயர வெளிச்சம். லயத்துப் பிள்ளைகள் விமானத்தின் நிழலைப் பிடிக்க ஓடினார்கள். நிழல் வேலியைத் தாண்டியது, வாசல் மாத்தாவின் மேல் ஏறியது, அவன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகக் கையசைத்தான்.

"எங்கம்மா கண்ண மூடிக்கிட்டுத்தான் இருக்கும்" என்றாள் புஷ்பவள்ளி. அவளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தாள்.

விமானம் சிலாங்கூர் ஆற்றுப் பக்கம் போய்ச் சாய்ந்து திரும்பியது. ரப்பர் மரங்களின் தலைக்கு மேலே வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது. தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. பக்கத்துக் கண்ணாடி திறந்திருந்தது. அதன் வழியே ஒரு கை வெளியே வந்தது. வளையல் போட்ட கை.

"கைய உள்ள வைக்கச் சொல்லுங்க" என்று ஹியூபர்ட் கீழேயிருந்து கத்தினான். யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

கை எதையோ விட்டது. ஏதோ ஒன்று கொட்டகைத் தகரத்தில் டங்கென்று விழுந்து உருண்டது. அதன் பின்னால் பச்சையாக ஏதோ சில, அவசரமே இல்லாமல், சுழன்று சுழன்று இறங்கின. பிள்ளைகள் கைகளை ஏந்திக்கொண்டு அவற்றின் கீழே அங்கும் இங்கும் தள்ளாடினார்கள்.

வெற்றிலை.

கூட்டத்தில் முதலில் புரிந்தது கான்ஸ்டன்ஸுக்குத்தான். தகரத்திலிருந்து உருண்டு விழுந்த கொட்டைப்பாக்கை அவள் ஓடிப்போய்ப் பொறுக்கினாள். "ஏங்க" என்று கணவனைப் பார்த்துச் சிரித்தாள். "வெத்தல பாக்கு மாத்துறாங்க. மாப்பிள்ள வீட்டுக்காரரு இப்படியா வாயப் பொளந்துக்கிட்டு நிப்பீங்க?"

பெண்கள் மறுபடி குலவையிட்டார்கள். புஷ்பவள்ளி கொட்டகைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாள். அங்கே ஒளிய இடமில்லை என்று கண்டு இந்தப் பக்கமாகவே திரும்பி ஓடிவந்தாள்.

அப்போது நாகமணி முன்னால் வந்தார். புல்லில் கிடந்த வெற்றிலைகளில் நல்லதாக இரண்டு பார்த்து எடுத்து, வேட்டியில் துடைத்தார். கான்ஸ்டன்ஸிடமிருந்து பாக்கை வாங்கி அவற்றின்மேல் வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பையனுக்குப் பரிச்ச முடியட்டும். அவசரமில்ல. தை மாசத்துல வச்சுக்குவோம். வேலய விட வேணாம், எம்பொண்ணு கப்பல்காரன் பொண்டாட்டியா இருக்கட்டும்." சற்று நிறுத்தி, மேலே பார்த்தார். விமானம் இன்னும் இறங்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு சேர்த்தார்: "பதினெட்டு வருசமா பேசணும்னு இருந்தேன். இன்னிக்குத்தான் எடம் கெடச்சிச்சி."

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹியூபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டே, வெற்றிலையை வாங்கக் கையை நீட்டினான். கையெல்லாம் எஞ்சின் எண்ணெய். துணிக்காகச் சுற்றுமுற்றும் தேடினான்.

"பரவால்ல, அப்படியே வாங்கிக்குங்க சம்பந்தி" என்றார் நாகமணி.

விமானம் திடலுக்கு நேராக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் வேறு ஒன்றும் காதில் விழவில்லை. ஹியூபர்ட் இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டான். அவன் கட்டைவிரல் பட்ட இடத்தில் எண்ணெய்க் கறுப்பு அப்படியே பதிந்தது.